பால் மரம் கற்பித்த பாடம்



தாவரத் தோட்டம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, விடுமுறை நாளில் உலாவி வருவதற்குரிய ஓர் அழகிய இடமே. புல்வெளியும் பூம்பாத்தியும் பெயர்ப் பலகை தாங்கிய மரங்களும் அங்கே உள்ளன. ஆயினும், அந்தப் பலகைகளுக்குப் பின்னே நாடுகளின் வரலாறே மறைந்திருப்பதுண்டு. ஒரு தோட்டத்தில் ஓர் அறிஞர் ஒரு மரத்தின் பட்டையைப் பொறுமையோடு ஆராய்ந்தார். அதனால் பல லட்சம் மக்களின் வாழ்க்கை மாறிற்று. அவர்களுள் தமிழர் மிகப் பலர். அந்தத் தோட்டம் சிங்கப்பூரில் உள்ளது. அந்த மரம் ரப்பர் மரம். மலாயாத் தமிழர் அதனைப் பால் மரம் என்று வழங்கினர்.

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராபிள்ஸ், 1822-இல் ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்ப்பதற்கு ஒரு சோதனைத் தோட்டம் அமைத்தார். அது 1829-இல் கைவிடப்பட்டது. இன்றுள்ள தோட்டம் 1859-இல் தாங்ளின் பகுதியில் ஒரு தோட்டக்கலைச் சங்கத்தாரால் தொடங்கப்பெற்றது. முதலில் அது பொழுதுபோக்குப் பூங்காவாகவே இருந்தது. சங்கம் கடன்பட்டுத் தளரவே, 1870-களின் இடையில் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரே தோட்டம் ஆராய்ச்சிக் கூடமாயிற்று.

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் காடு. 1876-இல் விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனையடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். எண்ணெய்ச் சத்துள்ள அவ்விதைகள் சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால், நூற்றுக்கு நான்கு கூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளுள் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. பாதியளவு இத்தோட்டத்திலேயே வேரூன்றின.

மரம் வளர்ந்துவிட்டது. அதிலிருந்து பாலை எடுப்பது எங்ஙனம்? அமேசான் காட்டில் கைக்கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்து வந்தனர். அந்த முறையில் மரம் புண்பட்டு நலிந்தது. 1888-இல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்னும் தாவரவியலார் இந்த வினாவுக்கு விடை கண்டார். பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. அதற்கும் உள்ளே, மரத்தையும் பட்டையையும் வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அப்படலத்தைத் தொடாமல், பட்டையை மட்டும் மெல்லிய சீவலாகச் சாய்வாக வெட்டினால் பால் வடியும். அதே வெட்டின் கீழ் விளிம்பை மறுபடியும் சிறிது சீவினால் பால் முன்னிலும் மிகுதியாக வரும். சில ஆண்டுகளில் பட்டையும் புதிதாக வளர்ந்துவிடும். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் வெட்டுவதே நன்று. மரத்தைக் கொல்லாமல் அதன் பயனைக் கொள்ளும் வழி இவ்வாறு புலனாயிற்று.

ஆனால், அக்காலத்துத் தோட்ட முதலாளிகள் காப்பிப் பயிரிலேயே கருத்தாயிருந்தனர். ரப்பர் விதைகளைப் பையில் நிரப்பிக்கொண்டு கண்டவரிடமெல்லாம் நட்டுப் பார்க்குமாறு வேண்டிய ரிட்லியைப் பைத்தியக்கார ரிட்லி என்று எள்ளினர். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனர் ரப்பரைப் பெருந்தோட்டமாகப் பயிரிடத் துணிந்தார். காப்பியின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. முன்பு எள்ளியவர்களே விதைக்காக வந்து நின்றனர். 1917-க்குள் இத்தோட்டம் 70 லட்சம் விதைகளை வழங்கியது. 1920-க்குள் உலக ரப்பரில் பாதியளவை மலாயா விளைவித்தது. பிரேசிலின் ரப்பர் வாணிபமோ நொடிந்தது.

இனி, இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தைக் காண்போம். அத்தனை மரங்களுக்கும் காடு வெட்டியவர் யார்? விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர் யார்? தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய எளிய மக்களே. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. அதன் பின்னரும் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் இது நீடித்தது. குறைந்த கூலியும் நெருக்கமான லயங்களும் அவர்களுக்கு வாய்த்தன. அவற்றினும் கொடியது மலேரியாக் காய்ச்சல். மலைச்சரிவுகளில் நிழல் தந்த காட்டை அழித்தபோது ஓடைகளின் மீது வெயில் பட்டது. வெயில் படும் அத்தகைய ஓடைகளிலேயே நோய் பரப்பும் ஒருவகைக் கொசு பெருகுவதை மால்கம் வாட்ஸன் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். அந்த அறிவு கிட்டுவதற்குள் மாண்டவர் பலர்.

மரத்தின் காயம் ஆற வேண்டும் என்பதில் எத்துணைக் கவனம்! அம்மரத்தை வெட்டிய மனிதரின் நலத்தில் அக்கவனத்தில் ஒரு பங்கேனும் செலுத்தப்பட்டதா? இது ரிட்லியின் கல்வியைப் பழிக்கும் வினா அன்று. அவர் கேட்ட வினாவுக்கு அவர் நேர்மையாக விடை கண்டார். அந்த விடையைக் கொண்டு செல்வம் ஈட்டியவர்கள் அடுத்த வினாவைக் கேட்கவில்லை என்பதே குறை.

அதே தோட்டம் வேறு பாடங்களையும் வைத்திருக்கிறது. நாற்புறமும் காடுகள் அழிந்தபோதும், அதன் நடுவே ஏறத்தாழ 6 ஹெக்டேர் மழைக்காடு காக்கப்பட்டது. 1928-இல் ஹோல்ட்டம் என்னும் அறிஞர் ஆர்க்கிட் விதைகளைக் கண்ணாடிக் குடுவையில் முளைக்கச் செய்யும் ஆய்வைத் தொடங்கினார். அவ்விதைகளில் சேமித்த உணவு இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சணத்தின் துணையின்றி அவை முளைப்பதில்லை. குடுவையில் இட்ட சர்க்கரைக் கூழ் அத்துணையின் வேலையைச் செய்தது. புதிய மலர் வகைகள் பல இவ்வாறு உண்டாயின. இன்று இருவாய்ச்சிப் பறவைகளும் நீர்நாய்களும் அத்தோட்டத்தில் காணப்படுகின்றன. 2015-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபிடமாக ஏற்றுக்கொண்டது.

1855-இல் பிறந்த ரிட்லி நூறாண்டு கடந்து 1956-இல் மறைந்தார். தம்மை எள்ளிய உலகம் தம் மரத்தினால் மாறியதை அவர் கண்டார்.

மாணவர்களே, நீங்கள் தாவரத் தோட்டத்திற்குச் செல்லும்போது மரத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். இது எங்கிருந்து வந்தது, எதனால் இங்கே வளர்கிறது என்று கேளுங்கள். பின்னர், இதனால் வாழ்ந்தவர் யார், வருந்தியவர் யார் என்றும் கேளுங்கள். முன்னைய வினாக்களுக்குத் தாவரவியல் விடை கூறும். பின்னையவற்றுக்கு வரலாறு விடை கூறும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முழுமையான கல்வி.