நடப்பவர்களும் நிற்பவர்களும்: வேதாரண்யம் முதல் பாலாறு வரை

வாணியம்பாடிக்குப் பேரணி ஒன்றும் புதிய விஷயம் அல்ல. தலைக்கவசம், மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மரம் நடுதல் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக மாணவர்கள் கையில் அட்டையோடு வரிசையாகப் போவார்கள். முன்னால் ஒருவர் கோஷம் சொல்ல, பின்னால் வருபவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கடைக்காரர்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வியாபாரத்தைக் கவனிப்பார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதில் ஒரு வேலையும் இருப்பதில்லை.

ஆனால் இதே நடை, சில சமயங்களில் ஒரு அரசாங்கத்தையே தடுமாற வைத்திருக்கிறது. அட்டைகளும் கோஷங்களும் அங்கேயும் இருந்தன. பிறகு எங்கே இருக்கிறது வித்தியாசம்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது.

நடையும் ஒரு கலையா?

மேலை நாடுகளில் நடப்பதையே நிகழ்த்துகலையாகச் செய்தவர்கள் உண்டு. மரீனா அப்ரமோவிச், உலாய் என்ற இரு கலைஞர்கள் 1988ல் சீனப் பெருஞ்சுவரின் இரண்டு முனைகளிலிருந்து புறப்பட்டு, 90 நாட்கள் நடந்து, நடுவில் சந்தித்து, அங்கேயே பிரிந்தார்கள். உலகப் புகழ் பெற்ற நடை அது. ஆனால் அது இரண்டு பேருடைய கதை. வழியில் இருந்த ஜனங்களுக்கு அந்தக் கதையில் பாத்திரம் கிடையாது.

நம் ஊர்ப் பாதயாத்திரை அப்படி அல்ல. பழநிக்கு நடப்பவர் ஒருவர் என்றால், அவருக்கு நீர்மோர் கொடுப்பவர், திண்ணையில் படுக்க இடம் தருபவர், தண்ணீர்ப் பந்தல் போடுபவர் என்று பத்துப் பேர் அதில் சேர்ந்துகொள்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் இதே கதைதான். நடப்பவருக்குச் சோறு போட்டால் புண்ணியத்தில் பங்கு உண்டு என்பது இங்கே பழைய நம்பிக்கை. பங்கேற்பு நிகழ்த்துகலை என்று இன்று பெரிய பெயர் வைத்துப் பேசப்படும் விஷயத்தின் உள்ளே இருப்பது இதுதான்: பார்ப்பவனுக்கும் ஒரு வேலை கொடுப்பது.

இந்த வழக்கத்தை அரசியலுக்குக் கொண்டுவந்தது 1930ம் ஆண்டு வேதாரண்யம் உப்பு யாத்திரை.

திருச்சியிலிருந்து நூறு பேர்

1930 மார்ச் 12 அன்று காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களோடு புறப்பட்டார். சுமார் 240 மைல் நடந்து, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பு எடுத்தார். அடுத்த வாரமே தமிழ்நாட்டிலும் அதே போன்ற யாத்திரை தொடங்கியது. தலைவர் ராஜாஜி. ராஜாஜிக்கும் வேலூர்ப் பக்கத்துக்கும் முன்பே தொடர்பு உண்டு. ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் இருந்தவர் அவர். அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பு பிறகு புத்தகமாக வந்தது.

ஏப்ரல் 13, 1930. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். சேர வேண்டிய இடம் சுமார் 150 மைல் தூரத்தில் இருந்த வேதாரண்யம். அங்கே வரவேற்கக் காத்திருந்தவர் வேதரத்தினம் பிள்ளை. வழியில் பாடுவதற்கென்றே நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சித்திரை வெயிலில் காலையிலும் மாலையிலுமாக ஒரு நாளைக்குப் பத்து மைல் அளவில் நடை. தங்கும் ஊர்களில் கூட்டம் போட்டுப் பேசினார்கள், தெருவைப் பெருக்கினார்கள், தீண்டாமை கூடாது என்று சொன்னார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் இது தண்டி யாத்திரையின் சின்ன நகலாகத்தான் வரலாற்றில் பதிவாகியிருக்கும். இதை மாற்றியது ஒரு ஆங்கில அதிகாரியின் உத்தரவு!

சோறு போட்டால் சிறை

அப்போது தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் ஜே.ஏ. தார்ன். கெட்டிக்கார அதிகாரி. தொண்டர்களைக் கைது செய்தால் அவர்கள் தியாகிகள் ஆகிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வேறு வழியில் போனார். யாத்திரைக்காரர்களுக்கு உணவோ, தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 157வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தார். நோட்டீஸ் அச்சடித்து வினியோகம் ஆனது. பத்திரிகையில் வந்தது. ஊர் ஊராகத் தண்டோரா போடப்பட்டது. பட்டினி போட்டால் நூறு பேரும் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. உப்புச் சட்டம் அநியாயம் என்பதை விளக்க ஒரு மணி நேரம் பேச வேண்டும். ஆனால் நடந்து வருபவனுக்குச் சோறு போடாதே என்ற உத்தரவு அநியாயம் என்று காவிரிக்கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அரசியல் தெரியாதவர்களுக்கும் அன்றிலிருந்து இந்த யாத்திரையில் ஒரு பாத்திரம் கிடைத்துவிட்டது.

பிறகு நடந்தவை ஒரு நாடகம் போலவே இருக்கின்றன. சாலையோர மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் யார்? யாருக்கும் தெரியாது. தொண்டர்கள் காவிரிக்கரையில் தங்கியபோது, உணவுப் பாத்திரங்கள் புதைத்து வைக்கப்பட்ட இடத்தை ஏதாவது ஒரு அடையாளம் காட்டிக் கொடுத்தது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைக்காமல், வெளிப்படையாகவே தம் வீட்டில் வரவேற்று உணவு கொடுத்தார். அவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. ஒருவர் உள்ளே போனதும் அடுத்த ஊரில் கதவு அடைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 28 அன்று யாத்திரை வேதாரண்யம் வந்து சேர்ந்தது. 30ம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். அவருக்கும் ஆறு மாதம் சிறை. சோறு போட்டவருக்கும் தலைவருக்கும் ஒரே தண்டனை என்பதைக் கவனிக்க வேண்டும்!

ராஜாஜி கைதான பிறகும் போராட்டம் ஓயவில்லை. போலீஸ்காரர்களுக்குத் துணி வெளுக்க மாட்டோம், சவரம் செய்ய மாட்டோம் என்று தொழிலாளர்கள் மறுத்தார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதரின் கதை இன்றும் சொல்லப்படுகிறது. சாதாரண உடையில் வந்தவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, அவர் போலீஸ்காரர் என்று தெரியவந்ததாம். பாதிச் சவரத்தோடு கத்தியை வைத்துவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். அவர் யாத்திரையில் ஒரு மைல்கூட நடந்தவர் அல்ல. ஆனால் அவருக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது.

உப்பு வரி உடனே ஒழிந்துவிட்டதா? இல்லை. 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் கடலோர மக்கள் சொந்த உபயோகத்துக்கு உப்பு எடுக்க அனுமதி கிடைத்தது. வரி முழுவதும் போனது 1947ல்தான். ஆனால் ஒரு ஜில்லா முழுக்க, சட்டத்தை மீறுவது இவ்வளவு எளிதா என்று சாதாரண ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். அதை எந்த அரசாங்கமும் திரும்பப் பறிக்க முடியாது.

அதே ஊர், எதிரில் ராஜாஜி

இதில் வேடிக்கை என்னவென்றால், எட்டு வருடம் கழித்து இதே ஆயுதம் ராஜாஜிக்கு எதிராகவே திரும்பியது. 1938ல் அவர் சென்னை மாகாணப் பிரதமர். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். அதை எதிர்த்து 1938 ஆகஸ்ட் 1 அன்று அதே திருச்சியிலிருந்து சுமார் நூறு பேர் கொண்ட தமிழர் பெரும்படை கிளம்பியது. பட்டுக்கோட்டை அழகிரிசாமியும், மூவாலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதில் நடந்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ஊர்க்காரர்கள் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, 42வது நாள் செப்டம்பர் 11 அன்று சென்னை சேர்ந்தார்கள். கடற்கரையில் பெரும் கூட்டம். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

கொள்கை வேறு, கொடி வேறு. நடையின் இலக்கணம் மட்டும் ஒன்றுதான். நூறு பேர் நடக்கிறார்கள், வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் அவர்களைத் தாங்குகிறார்கள்.

கதவு திறக்காதபோது

எல்லா நடைக்கும் இப்படி வரவேற்பு கிடைத்துவிடாது. 1946 அக்டோபரில் வங்காளத்தின் நவகாளியில் மதக் கலவரம் நடந்தது. 77 வயதுக் காந்தி அங்கே போனார். 1947 ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை வெறுங்காலோடு 47 கிராமங்கள், 116 மைல் நடந்தார். முடிந்தவரை முஸ்லிம் வீடுகளில் தங்க விரும்பினார். சில இடங்களில் கதவு திறந்தது. சில இடங்களில் அவர் நடக்கும் பாதையில் முள்ளும் அசுத்தமும் போட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைச் சுத்தம் செய்துவிட்டு மேலே நடந்தார்.

சமாதானத்துக்கான நடை கடினமானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். தஞ்சாவூரில் எதிரி ஒருவரே, அவர் கலெக்டர். நவகாளியில் பிளவு பக்கத்து வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலே அது பெரிய காரியம்.

அண்மைக் காலத்திலும் ஒரு உதாரணம் உண்டு. 2021 பிப்ரவரி 3 முதல் 7 வரை இலங்கையில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நடந்த பேரணி. கிழக்கில் தொடங்கி வடக்கில் முடிந்தது. நீதிமன்றத் தடை உத்தரவுகள் குறுக்கே வந்தன. ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் ஜனங்கள் சேர்ந்துகொண்டார்கள். தமிழர் கோரிக்கைகளோடு, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரிப்பதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. முஸ்லிம்களும் உடன் வந்தார்கள். நெடுங்காலம் மனக்கசப்பு இருந்த இரண்டு சமூகங்கள் ஒரே சாலையில் நடந்ததுதான் அந்தப் பேரணியின் பெரிய செய்தி.

பாலாற்றங்கரையில்

இனி வாணியம்பாடிக்கு வரலாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் நிலங்களும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை அதில்தான் நாட்டின் சட்டமாக உறுதியானது. தமிழகத் தோல் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று அதில் பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களைப் பற்றிச் சொல்லும்போது, 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன, பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது.

அதுவும் ஒரு நடைதான். அதற்குக் கொடி இல்லை, பாட்டு இல்லை, பத்திரிகையில் படமும் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகும் குறை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. வக்கீல்களும் நீதிபதிகளும் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள். ஊர் ஜனங்களின் பாத்திரம் மட்டும் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. காரணம் புரியாதது அல்ல. கிணறு கெட்டவரும், தோல் ஷாப்பில் கூலி வாங்குபவரும் பல சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இங்கே தார்ன் போன்ற ஒரு எதிரி இல்லை. இது கொஞ்சம் தஞ்சாவூர், கொஞ்சம் நவகாளி.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். பாலாறு தமிழ்நாட்டுக்குள் ஓடும் தூரம் சுமார் 222 கிலோமீட்டர். வாணியம்பாடிக்கு மேலே புல்லூரில் தொடங்கி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாகக் கடல் வரை. திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தூரமும் சுமார் 240 கிலோமீட்டர்தான். ஒரு நாளைக்குப் பத்து மைல் என்றால் இரண்டு வாரம்.

அப்படி யாராவது ஒரு நாள் நடந்தால், வழியில் நிற்பவர்கள் என்ன கொடுப்பார்கள்? 1930ல் சோறு கொடுப்பதைத் தடுத்தது கலெக்டரின் உத்தரவு. மரக்கிளையில் பொட்டலம் கட்டி அதை மீற முடிந்தது. பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போன ஊரில், நடந்து வருபவருக்குத் தன் கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுக்க முடியவில்லையே என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னால், அந்த ஒரு வாக்கியம் நூறு அட்டைகளுக்குச் சமம். அதைக் கேட்பவர்களில் தோல் ஷாப் முதலாளியும் தொழிலாளியும் இருந்தால், அங்கேதான் உண்மையான யாத்திரை ஆரம்பமாகும்.