நடமாட்டச் சிரமம் உள்ளவர்களின் சொகுசுக் கப்பல் பயணம்: சக்கர நாற்காலியை ஏற்பாடு செய்தல்

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று நான்கு நாள்கள் சென்று வருவது, முதியவர்களையும் நோயுற்றவர்களையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு ஏற்ற விடுமுறையாகும். ஊருக்கு ஊர் தங்கும் விடுதியை மாற்ற வேண்டியதில்லை. பெட்டிகளை ஒரு முறை பிரித்து வைத்தால் போதும். மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், பார்க்கின்சன் நோய், இதய நோய் போன்றவற்றால் நடக்கச் சிரமப்படுபவர்களும் உரிய ஏற்பாடுகளுடன் இப்பயணத்தை மேற்கொள்ளலாம்.

ஆயினும், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே நீங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பயணம் முழுவதும் பயன்படுத்துவதற்கான சக்கர நாற்காலியைக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக வழங்குவதில்லை. பதிவு செய்யும்போது ‘சக்கர நாற்காலி உதவி தேவை’ என்று குறிப்பிட்டால், கப்பல் முனையத்திலிருந்து உங்கள் அறை வரை ஊழியர் ஒருவர் உங்களை நாற்காலியில் அமர்த்தி அழைத்துச் செல்வார். அறைக்குள் நீங்கள் இறங்கியதும், அடுத்த பயணிக்காக அந்த நாற்காலி திரும்ப எடுத்துச் செல்லப்படும். பயணத்தின் இறுதி நாளில்தான் அது மீண்டும் வரும். கப்பலில் உள்ள மற்ற நாற்காலிகள் அவசர மருத்துவத் தேவைக்கானவை. இதனை அறியாமல் செல்பவர்கள், மூன்று நாள்களையும் அறையின் கட்டிலிலேயே கழிக்க நேரிடலாம். அல்லது, அதைவிட ஆபத்தாக, நடக்க இயலாத தொலைவை நடக்க முயன்று விழ நேரிடலாம்.

யாருக்கு நாற்காலி தேவைப்படும்?

‘வீட்டில் கைத்தடியுடன் நன்றாகத்தானே நடக்கிறார், சக்கர நாற்காலி எதற்கு?’ என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. அடுக்குமாடி வீட்டில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இடையே சில அடிகளே இருக்கும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் சில, 300 மீட்டருக்கும் அதிக நீளமுடையவை. கப்பலின் முன்பகுதியில் அறையும் பின்பகுதியில் உணவுக்கூடமும் அமைந்தால், ஒவ்வொரு வேளை உணவுக்கும் அந்தத் தொலைவைக் கடந்து சென்று திரும்ப வேண்டும். தளமும் அசையும், நடைவழிகளில் கூட்டமும் இருக்கும்.

ஓய்வின்றி 200 மீட்டர் நடக்க இயலாதவர், நடந்தபின் மூச்சுத் திணறலோ மூட்டு வலியோ அடைபவர், கடந்த ஓராண்டில் ஒரு முறையாவது விழுந்தவர் ஆகியோர் நாற்காலியுடன் செல்வதே நல்லது. நாற்காலியைக் கொண்டு செல்வதால் நடப்பதையே கைவிட வேண்டும் என்பதில்லை. நடக்கக்கூடிய இடங்களில் நடந்து, களைப்புறும்போது அமரலாம். சில முதியவர்கள் சக்கர நாற்காலியில் அமர்வதைக் கௌரவக் குறைவாகக் கருதுவதுண்டு. பயண நாளன்று முனையத்தில் வைத்து அவர்களை வற்புறுத்துவதைவிட, சில வாரங்களுக்கு முன்பே பேசி, கடைத்தொகுதி ஒன்றுக்கு நாற்காலியில் அழைத்துச் சென்று பழக்குவது பலனளிக்கும்.

முதலில் அளவெடுங்கள்

நாற்காலியை வாங்குவதற்கோ வாடகைக்கு எடுப்பதற்கோ முன்னர், அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கையின் அகலம் வேறு, நாற்காலியின் மொத்த அகலம் வேறு. கையால் இயக்கும் நாற்காலியில் இருபுறச் சக்கரங்களும் கைவளையங்களும் சேர்ந்து, இருக்கையின் அகலத்தைவிட ஏறத்தாழ 18 முதல் 20 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். 46 சென்டிமீட்டர் இருக்கை கொண்ட நாற்காலியின் மொத்த அகலம் 65 சென்டிமீட்டரை எட்டும். கப்பலின் சாதாரண அறைகளில் கதவு வழி பெரும்பாலும் இதைவிடக் குறுகலானது. அத்தகைய அறையில் நாற்காலியை வாசலில் மடித்துத்தான் உள்ளே கொண்டு செல்ல இயலும். குளியலறைக் கதவு இன்னும் குறுகலாக இருக்கலாம். அதன் வாசலில் நீர் வெளியேறாமல் தடுக்கும் உயர்ந்த படியும் இருக்கக்கூடும்.

ஆகவே, எழுந்து நிற்கவே இயலாதவர்களுக்குச் சாதாரண அறை பொருந்தாது. சக்கர நாற்காலிப் பயனாளர்களுக்கென அமைக்கப்பட்ட அறைகளில் கதவு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் அகலமுடையது. நாற்காலியைத் திருப்புவதற்கு இடமும், கழிவறையில் பிடிமானக் கம்பிகளும், அமர்ந்து குளிப்பதற்கான இருக்கையும் இருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளைக் கொண்ட கப்பலிலும் இத்தகைய அறைகள் சிலவே. பள்ளி விடுமுறைக் காலப் பயணங்களில் அவை விரைவாகத் தீர்ந்துவிடும். எனவே, பயணத் தேதியை முடிவு செய்துவிட்டு அறையைத் தேடாமல், அறை கிடைக்கும் தேதியைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்யுங்கள்.

சிறிது தூரம் நடக்கக்கூடியவர்களுக்குச் சாதாரண அறையே போதுமானதாக இருக்கலாம். அவர்கள் மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையைக் கேட்டுப் பெறுவது நல்லது. மடித்த நாற்காலியை அறைக்குள்ளேயே வைக்க வேண்டும். அவசரகாலத்தில் வழி தடைப்படும் என்பதால், நடைவழியில் விட்டுச்செல்ல அனுமதியில்லை.

சொந்த நாற்காலியா, வாடகை நாற்காலியா?

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நாற்காலி மடிக்கக்கூடியதாக இருந்தால், அதனையே கொண்டு செல்லுங்கள். உடலுக்குப் பழகிய நாற்காலியே பாதுகாப்பானது. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் அதற்குத் தனிக்கட்டணம் பெறுவதில்லை. புறப்படுமுன் தடுப்பான்கள், சக்கரங்கள், கால்தாங்கிகள் ஆகியவற்றைச் சரிபார்த்து, உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். ஒரே நிறத்தில் பல நாற்காலிகள் முனையத்தில் நிற்கும்.

சொந்த நாற்காலி இல்லாதவர்கள் மருத்துவச் சாதனக் கடைகளில் வார வாடகைக்குப் பெறலாம். இவ்விடத்தில் ஒரு தெரிவு எழும். பின்சக்கரங்கள் பெரியதாக உள்ள நாற்காலியை அமர்ந்திருப்பவரே உருட்டிச் செல்லலாம். ஆனால் அது அகலமும் எடையும் கூடியது. நான்கு சக்கரங்களும் சிறியதாக உள்ள நாற்காலி இலேசானது, குறுகலானது. பேருந்திலும் டாக்சியிலும் ஏற்ற எளிது. ஆனால் அதனை மற்றவர்தாம் தள்ள வேண்டும். சிறிய சக்கரங்கள் தடித்த கம்பளத்திலும் மின்தூக்கி வாசலின் இடைவெளியிலும் சிக்கும். அமர்ந்திருப்பவரின் கைகளில் வலுவிருந்தால் முதல் வகையைப் பரிந்துரைக்கலாம். தாம் விரும்பும்போது தாமே திரும்பிச் செல்ல முடிவது, விடுமுறையில் சிறிய விஷயமன்று.

வாடகை நாற்காலியைப் பயணத்துக்கு இரண்டு நாள்கள் முன்பே பெற்று, வீட்டில் பயன்படுத்திப் பாருங்கள். இருக்கை மிக அகலமாக இருந்தால் உடல் ஒருபுறம் சாயும். மிகக் குறுகலாக இருந்தால் இடுப்பு அழுந்தும். பாதங்கள் கால்தாங்கியில் முழுமையாகப் படிய வேண்டும். பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவர்களுக்கும், முதுகுத்தண்டு பாதிப்புடையவர்களுக்கும் எந்த நாற்காலி பொருந்தும் என்பதை உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமோ செயல்முறைச் சிகிச்சையாளரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

மின்சக்தியால் இயங்கும் நாற்காலியையோ ஸ்கூட்டரையோ கொண்டு செல்வதாயின், அதன் நீளம், அகலம், எடை, மின்கல வகை ஆகியவற்றைக் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மின்னேற்ற நீட்டிப்புக் கம்பிகளைப் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை. தேவையானால் முன்னரே கேளுங்கள். வேறு நாட்டுக்கு விமானத்தில் சென்று கப்பலேறுபவர்களுக்கு விமான விதிகளும் பொருந்தும். கழற்றி எடுக்கக்கூடிய லித்தியம் மின்கலம் ஒன்றாயின் 300 வாட்-மணிக்குள்ளும், இரண்டாயின் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்குள்ளும் இருக்க வேண்டும். வோல்ட் அளவை ஆம்பியர்-மணி அளவால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்: 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி எனில் 240 வாட்-மணி.

மெத்தையை மறவாதீர்கள்

அழுத்தப் புண்ணைத் தடுக்கும் இருக்கை மெத்தையை வீட்டிலுள்ள நாற்காலியிலேயே விட்டுவிட்டு, வாடகை நாற்காலியின் மெல்லிய இருக்கையில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பது எளிதில் நேர்ந்துவிடும் ஒரு தவறாகும். விருந்து, கலைநிகழ்ச்சி, கடற்காட்சி என நேரம் செல்வது தெரியாது. நீரிழிவு நோயாளிகள், உணர்ச்சி குறைந்தவர்கள், மிக மெலிந்தவர்கள் ஆகியோருக்கு ஓரிரு நாள்களிலேயே தோல் பாதிப்பு தொடங்கக்கூடும்.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது முன்புறம் சாய்ந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ, எழுந்து நின்றோ இருக்கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தாமாக இயலாதவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவ வேண்டும். ஒவ்வோர் இரவும் வால் எலும்புப் பகுதி, இடுப்பின் இருபுறம், குதிகால்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ, சூடாகவோ, இறுக்கமாகவோ உள்ள இடமும் எச்சரிக்கையே. அழுத்தத்தை நீக்கி அரை மணி நேரமாகியும் மாற்றம் மறையாவிடில், அவ்விடத்தின் மீது மீண்டும் அமர வேண்டாம். கப்பலின் மருத்துவ நிலையத்தை அணுகுங்கள்.

கரையிறங்கும் நாள்

கப்பல் துறைமுகத்தில் நேரடியாக அணைந்து நின்றால், சாய்வான இணைப்புப் பாலத்தின் வழியாக இறங்கலாம். அலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ப அதன் சாய்வு மாறும். காலையில் எளிதாக இருந்த சாய்வு மாலையில் செங்குத்தாகியிருக்கலாம். அமர்ந்திருப்பவர் முன்னோக்கிச் சரியாமலிருக்க, நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி இறக்குங்கள். தயங்காமல் ஊழியரின் உதவியைக் கேளுங்கள்.

சில துறைகளில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குச் செல்ல வேண்டும். ஃபூக்கெட்டின் பாத்தோங் கடற்கரைக்கு வரும் பெரிய கப்பல்கள் இவ்வாறே நிற்கின்றன. படகும் கப்பலும் தனித்தனியே அசைவதால், படகேறுபவர் சில படிகளைத் தாமே கடக்க இயல வேண்டும் எனப் பல நிறுவனங்கள் வலியுறுத்துகின்றன. மின் நாற்காலிகளை ஏற்றுவதில்லை. கடல் கொந்தளித்தால், முன்னர் அனுமதித்தவர்களையும் அன்று மறுக்கலாம். பதிவு செய்யும்போதே, ‘எந்தத் துறையில் படகு மூலம் இறங்க வேண்டும்?’ என்று கேட்டு அறியுங்கள். நாற்காலியிலிருந்து எழ இயலாதவர்கள் கப்பல் அணைந்து நிற்கும் துறைகளைக் கொண்ட பயணத்தைத் தெரிவு செய்வது மனச்சோர்வைத் தவிர்க்கும். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் துறைமேடையிலேயே அணைகிறது. எனினும், அந்நகரின் கடைவீதி ஐந்தடிப் பாதைகள் வீட்டுக்கு வீடு உயரம் மாறுபவை. சுற்றுலாப் பேருந்துகளில் படிகள் உண்டு. நாற்காலியோடு ஏற்றக்கூடிய வாகனத்தைத் தனியே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

அவசரகால ஒத்திகை

அவசரகாலத்தில் மின்தூக்கிகளைப் பயன்படுத்த இயலாது. ஆகவே, உதவி தேவைப்படும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் மறைக்காதீர்கள். சிறப்பு உதவி தேவை என்று தெரிவித்தவர்களின் விவரங்களைக் கப்பல் புறப்படுமுன் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அனைத்துலகக் கடற்பாதுகாப்பு விதியாகும். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தாலிக்கு அருகே ‘கோஸ்டா கொன்கோர்டியா’ கப்பல் விபத்துக்குள்ளாகி 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகை அதுவரை நடத்தப்படவில்லை. அதன் பின்னர் விதி கடுமையாக்கப்பட்டு, புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடைபெறுகிறது. அதில் கலந்துகொண்டு, படிகளில் உங்களைக் கீழிறக்குபவர் யார், அறைக்கு யார் வருவார் என்பவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துகளும் உடல்நலமும்

மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். கூடுதலாகச் சில நாள்களுக்கான மருந்தும், மருந்துப் பட்டியலும் உடனிருக்கட்டும். கடல் குமட்டலுக்கான மாத்திரைகள் பலவும் தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது விழும் ஆபத்து அதனால் கூடுகிறது. கண் அழுத்த நோயும் சிறுநீர் அடைப்பும் உள்ளவர்களுக்குச் சில குமட்டல் மருந்துகள் ஏற்றவையல்ல. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்ட பின்னரே வாங்குங்கள். கப்பல் அசையும் வேளையில் நாற்காலி நிற்கும்போதெல்லாம் இரு தடுப்பான்களையும் போடுங்கள்.

கப்பலில் மருத்துவரும் தாதியரும் இருப்பர்; கட்டணம் பயணியைச் சேரும். ஏற்கனவே உள்ள நோய்களையும் அவசரகால மருத்துவ இடமாற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்புறுதியைப் பாருங்கள்.

பராமரிப்பாளராகிய நீங்களும் விடுமுறைக்கே செல்கிறீர்கள். கம்பளத்தின் மீது நாற்காலியைத் தள்ளுவது தோளையும் முதுகையும் வருத்தும். கப்பல் ஊழியர்கள் உடை மாற்றுதல், கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல் போன்ற உதவிகளைச் செய்வதில்லை. எனவே, முழு உதவி தேவைப்படுபவருடன் குறைந்தது இருவர் செல்வதும், யார் எந்த வேளையில் உடனிருப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடிப்பதும் நல்லது. சிறப்பு உதவிப் படிவத்தைப் பயணத்துக்கு 30 முதல் 60 நாள்களுக்கு முன் பல நிறுவனங்கள் கேட்கின்றன. படிவத்தை அனுப்பிய பின், எழுத்து மூலமான உறுதிப்பாட்டைக் கேட்டுப் பெற்று, அதன் நகலைக் கடப்பிதழுடன் வைத்துக்கொள்ளுங்கள்.