மாறுவதற்கு ஒரு கம்பனி இல்லாத ஊரில்

எங்களில் ஒருத்தியின் மாமி லண்டனில் இருக்கிறா. போன விடுமுறைக்கு உடப்பில் ஒரு நண்பனின் வீட்டில் நாங்கள் நாலு பேரும் நின்றபோது வாட்ஸ்அப்பில் எடுத்தா. "கறண்டுக்கும் காஸுக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒரே விலையெண்டு எழுதி எடுத்தது. இந்த மாசத்தோட முடியுது பிள்ளை. இனி வேற கம்பனிக்கு மாறவேணும்" என்றா. மாறுறது எண்டால் ஆள் வந்து வயரைக் கழற்றிக்கொண்டு போவாரோ என்று கேட்டோம். இல்லையாம். வயரும் அதே, மீற்றரும் அதே. பில் அனுப்புற ஆள் மட்டும் மாறுமாம். கடைசியில் மாமி கேட்டா: "அங்க நீங்கள் ஆருக்கு மாறுவியள்?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆச்சி சிரிக்கவில்லை. "நாங்க குப்பி விளக்குக்கு மாறுவம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அது பகிடி இல்லை என்று கணக்குப் பார்த்தபோதுதான் விளங்கியது. இலங்கையில் ஒரு குடும்பம் மின்சாரம் விற்பவரை மாற்றியதாகக் கதை கிடையாது. விற்பவர்தான் தலைக்கு மேலே மாறிக்கொண்டே வந்திருக்கிறார். 1895இல் கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு வெளிச்சம் விற்றது பூஸ்டெட் சகோதரர்கள் என்ற தனியார் கம்பனி. 1927இல் அரசாங்க மின்சாரத் திணைக்களம் வந்தது. மலைநாட்டு ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார்; லக்ஷபான இயங்கத் தொடங்கியது 1950இல். 1969 நவம்பரில் மின்சார சபை. 1983இல் லெக்கோ என்ற அரச கம்பனி உருவாகி, மேற்கு, தெற்குக் கரையோர நகரங்கள் சிலவற்றில் உள்ளூராட்சிச் சபைகள் செய்துவந்த விநியோகத்தை எடுத்துக்கொண்டது. அது நீர்கொழும்போடு நின்றுவிட்டது. எங்கள் பக்கம் சபைதான். இந்த மாற்றங்களில் எதற்கும் ஒரு வீட்டுக்காரரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை.

ஆனால் வீடுகள் வேறு விதமாக மாறிக்கொண்டுதான் இருந்தன. மின்சாரத்திலிருந்து மண்ணெண்ணெய்க்கு, மண்ணெண்ணெயிலிருந்து திரும்ப மின்சாரத்துக்கு, காஸிலிருந்து பொச்சுமட்டைக்கு. லயின் வெட்டுப்பட்டால் குப்பி விளக்கு, சிலிண்டர் முடிந்தால் மூன்று கல் அடுப்பு. மண்ணெண்ணெய் ஏழையின் எரிபொருள் என்பதை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டிருந்தது. 1979இல் உணவு முத்திரை கொடுத்தபோது கூடவே மண்ணெண்ணெய் முத்திரையும் கொடுத்தார்கள். ஆக, மாமி கேட்ட அந்த "இன்னொரு கம்பனி" எங்களுக்கும் இருந்தது. அது ஒரு போத்தலுக்குள் இருந்தது.

உடப்பில் அந்தப் போத்தலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு பக்கம் முந்தல் களப்பு, மறுபக்கம் கடல் என்று கிடக்கிற ஊர் இது. வெளியாட்கள் உடப்பு என்றால் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பையும் கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டையும் சொல்வார்கள். கரைவலை இழுக்கக் கைபலம் போதும். பைபர் படகில் வெளியே போகிறவர்களின் இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேணும். வீட்டு விளக்கும் படகும் ஒரே எண்ணெயில் ஓடுகிற ஊரில், விலை ஏறினால் இரண்டு பக்கமும் அடி. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106க்கு ஏறியபோது இதே கரையில், தெற்கே சிலாபத்தில், மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். பாடப் புத்தகத்தில் இல்லாத வரலாறு இது.

இனி மின்சாரத்துக்கு வருவோம். வடக்கே கல்பிட்டிப் பக்கம் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இருக்கிறது. முதல் பகுதி 2011இல் திறந்தது. முழுவதும் முடிந்து 2014 செப்ரெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்து திறந்துவைத்தார். அதே மாதம் மின் கட்டணம் 25 வீதம் குறைந்தது. 30 அலகுக்குள் பாவிக்கிற வீட்டுக்கு அலகு 2 ரூபா 50 சதம், மாத நிலையான கட்டணம் 30 ரூபா. 30 அலகு முழுக்கப் பாவித்தாலும் பில் 105 ரூபாதான். நாலைந்து பல்பு, ஒரு ரிவி, போன் சார்ஜ். எங்கள் வயதுக்காரர்கள் அந்த வெளிச்சத்தில்தான் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படித்தோம். ஏறக்குறைய எட்டு வருசம் அந்த விலை அசையவில்லை. யாரும் எழுதிக் கையெழுத்து வைக்காத ஒரு நிலைத்த விலை ஒப்பந்தம் என்றே சொல்லலாம்.

அந்த விலை உண்மையான விலை இல்லை என்பதையும் சொல்லவேணும். மிச்சத்தைச் சபை நட்டமாகவும் கடனாகவும் சுமந்தது, பின்னால் நின்றது திறைசேரி. 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. 2.50 எத்தனை நாளைக்கு நிற்கும்?

ஓகஸ்ட் 10 மட்டும் நின்றது. அன்று வந்த புதிய கட்டணத்தில் சராசரி உயர்வு 75 வீதம் என்றார்கள். சராசரி என்பது ஒரு பொல்லாத சொல். எங்கள் 105 ரூபா பில் 360 ஆனது. பன்னிரண்டு நாள் கழித்து, ஓகஸ்ட் 22இல், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. ஆச்சியின் பதிலை இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கறண்டு ஏறினால் எண்ணெய்க்கு ஓடலாம், எண்ணெய் ஏறினால் கறண்டை இழுத்துப் பிடிக்கலாம் என்று நாப்பது வருசமாக நடந்த கொடுக்கல் வாங்கல் ஒரே மாதத்தில் அடைபட்டது. "கடலுக்குப் போறதா, விளக்குக் கொளுத்துறதா எண்டு ஒரு போத்தலைப் பாத்துக்கிட்டு இருந்தம்" என்று அந்த நாட்களை ஆச்சி சொன்னார்.

2023 பெப்ரவரியில் இன்னொரு உயர்வு. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகளில் மின்சாரத்தைச் செலவுக்கேற்ற விலைக்கு விற்பதும் ஒன்று. அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400. அதே 30 அலகுக்கு 1300 ரூபா! 2014இன் கணக்கில் அது ஒரு வருசத்துக்கும் மேலான பில். மறுபக்கம், 180 அலகுக்கு மேல் எரிக்கிற வீடுகளுக்கு மேல்மட்ட விலை 45 ரூபாவிலிருந்து 75 ஆனது. அங்கே இரண்டு மடங்குகூட இல்லை, கீழே அலகு விலை பன்னிரண்டு மடங்கு. பணக்காரர் கூடக் கட்டுகிறார்கள் என்பது சரிதான். யாருடைய விலை எத்தனை மடங்கு ஏறியது என்பது வேறு கேள்வி, அதை அப்போது பத்திரிகைகளில் கேட்டவர்கள் குறைவு. உயர்வை எதிர்த்து நின்ற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க அந்த மே மாதம் பாராளுமன்ற வாக்கெடுப்பால் பதவி நீக்கப்பட்டார். ஜூலையில் விலை இறங்கி, ஒக்ரோபரில் ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, 2025 ஜனவரியில் அதே 30 அலகு 195 ரூபாவுக்கு வந்தது. இறங்கியது நல்லம். இடையில் வெட்டிய லயினைத் திரும்பப் போடக் காசு கட்டினவர்களுக்கு அது பழைய கதை.

லண்டனில் இதே காலத்தில் என்ன நடந்தது என்றும் பார்த்தோம். அங்கே வீடுகள் மின்சாரக் கம்பனியைத் தெரிவுசெய்யும் உரிமை 1990களின் கடைசியில் வந்தது. 2021இன் பிற்பாதியில் எரிவாயு விலை ஏறியபோது இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகள் விழுந்தன. அவர்களின் வாடிக்கையாளர்களை ஒழுங்குபடுத்தும் நிறுவனமே வேறு கம்பனிகளிடம் ஒப்படைத்தது. மலிவான நிலைத்த விலை ஒப்பந்தங்கள் சந்தையிலிருந்தே காணாமல் போயின. "அந்த வருசம் மாறுறதுக்கு ஒண்டுமே இருக்கேல்லை" என்று மாமியும் ஒப்புக்கொண்டா. ஆனாலும் அங்கே ஒரு விலை உச்சவரம்பு இருந்தது, பில்லில் அரசாங்கம் ஒரு பங்கை ஏற்றது. எங்களுக்கு இருந்தது போத்தல்.

எங்கள் நாட்டிலும் எழுத்தில் உள்ள ஒரு நிலைத்த விலை உண்டு, கூரைச் சூரிய மின்சாரத்துக்கு. 2016இல் தொடங்கிய திட்டத்தில், வீட்டுப் பாவனை போக மிஞ்சும் அலகைச் சபைக்கு விற்றால் முதல் ஏழு வருசம் 22 ரூபா, எட்டாம் வருசத்திலிருந்து 15 ரூபா 50 சதம். 2017இல் சேர்ந்தவர்களுக்கு 2024இல் அந்த ஏழு வருசம் முடிந்தது. விலை குறைகிறது என்று வேறொருவருக்கு விற்கலாமா? வாங்குகிற ஆள் ஒருவர்தான். கூரையும் முதலும் உள்ளவர்களின் கவலை அது என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பூட்டு ஒன்றேதான்.

2024இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைத் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்கிறது. 2025இல் வந்த திருத்தம் அந்தத் துண்டுகளை அரசின் கையிலேயே வைத்தது. பில்லின் தலைப்பில் இருக்கும் பெயர் மாறலாம். உடப்பு வீட்டுக்காரர் அதைத் தபாலில் பார்த்துத்தான் அறிவார்.

மாமி பிறகு ஒரு மெசேஜ் போட்டிருந்தா, ஒரு வருசத்துக்கு எழுதிவிட்டாவாம். அதை ஆச்சியிடம் சொன்னோம். அவர் குசினித் தட்டிலிருந்து குப்பி விளக்கை எடுத்து, திரியை இழுத்துப் பார்த்து, அரைவாசி எண்ணெய் இருக்கு என்று சொல்லித் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.