அமெரிக்காவில் முதியோர் பராமரிப்புச் செலவும் மெடிக்கெய்ட் சொத்து வரம்பும்

1965 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னர் அமெரிக்கா சென்று குடியேறிய தமிழர்களில் முதல் தலைமுறையினர் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்து வருகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் தாமதமாகவே அறிந்துகொள்ளும் ஒரு செய்தி உண்டு. அறுபத்தைந்து வயதானோருக்கான மெடிகேர் காப்பீடு, நீண்டகாலப் பராமரிப்புக்குப் பணம் தருவதில்லை என்பதே அது.

தமிழ்நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அதே சொல், தாமாகக் குளிக்கவோ உடுத்தவோ உண்ணவோ இயலாதவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கிறது. மூன்று நாட்களேனும் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தவருக்கு அங்கே அதிகபட்சம் 100 நாட்கள் வரை மெடிகேர் உதவும். முதல் 20 நாட்களுக்கு மட்டுமே அது முழுச் செலவையும் ஏற்கிறது. அதுவும் தேர்ச்சி பெற்ற மருத்துவப் பணியாளரின் சிகிச்சை தேவைப்படும் வரைதான். அதன் பிறகு வரும் கட்டணம் பல மாநிலங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது.

இந்தச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் மெடிக்கெய்ட். மெடிகேரைப் போலவே 1965 இல் உருவாக்கப்பட்டாலும், இது வறியவர்களுக்கானது. மத்திய அரசும் மாநிலங்களும் இணைந்து நிதி வழங்குகின்றன. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில், தனிநபர் ஒருவர் கணக்கில் கொள்ளப்படும் சொத்தாக 2,000 டாலர் மட்டுமே வைத்திருக்கலாம். நியூயார்க் முப்பதாயிரம் டாலருக்கு மேல் அனுமதிக்கிறது. கலிபோர்னியா 2024 இல் இந்த வரம்பை அறவே நீக்கியது. ஆனால் 2026 ஜனவரி முதல் 130,000 டாலர் என்ற வரம்பை அம்மாநிலம் மீண்டும் கொண்டுவந்தது.

வாழ்நாள் முழுவதும் சேமித்த ஒருவர் வறியவராகும் வரை காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வியிலிருந்தே முதியோர் சட்டம் என்ற தனித்துறை வளர்ந்தது. சொத்து விவரத்தை மறைப்பது குற்றம். சட்டம் விட்டுவைத்திருக்கும் விலக்குகளுக்குள் சொத்தை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொள்வது குற்றமல்ல. இரண்டுக்கும் இடையிலான கோடு பலருக்கும் தெளிவாக இருப்பதில்லை.

ஒரு காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றமே அந்தக் கோட்டை அழிக்க முயன்றது. மெடிக்கெய்ட் பெறும் நோக்கில் சொத்தைக் கைமாற்றுவதைக் குற்றமாக்கி 1996 இல் சட்டம் இயற்றப்பட்டது. பாட்டிமார்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் என்று எதிர்ப்பு எழவே, 1997 இல் அது திருத்தப்பட்டு, கட்டணம் பெற்று அத்தகைய ஆலோசனை வழங்குவோர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. சட்டபூர்வமான ஒரு செயலைப் பற்றி வழக்கறிஞர் பேசுவதைத் தண்டிப்பது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது எனக் கருதிய அப்போதைய தலைமைச் சட்ட அதிகாரி ஜேனட் ரீனோ, 1998 இல் அதனை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். நியூயார்க்கில் மத்திய நீதிமன்றம் ஒன்றும் அதற்குத் தடை விதித்தது.

தண்டனைக்குப் பதிலாக இன்று செயல்படுவது காத்திருப்புக் காலம். 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 60 மாதங்களின் வங்கிக் கணக்குகளையும் பத்திரங்களையும் அதிகாரிகள் பரிசீலிக்கின்றனர். அக்காலத்தில் இலவசமாகவோ, மதிப்புக்குக் குறைவாகவோ கொடுக்கப்பட்டவை கூட்டப்பட்டு, அம்மாநிலத்தில் பராமரிப்பு இல்லத்தின் சராசரி மாதக் கட்டணத்தால் வகுக்கப்படுகின்றன. பேத்தியின் திருமணத்துக்கு ஒருவர் 60,000 டாலர் கொடுத்தார் என்றும், சராசரிக் கட்டணம் 10,000 டாலர் என்றும் வைத்துக்கொண்டால், ஆறு மாதங்களுக்கு உதவி கிடைக்காது. கொடுமை என்னவென்றால், இந்த ஆறு மாதங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அவர் இல்லத்தில் சேர்ந்து, கையிருப்பும் கரைந்து, மற்ற எல்லாத் தகுதியும் பெற்றபின்னரே எண்ணிக்கை தொடங்குகிறது. அதாவது, கொடுக்கப் பணம் இல்லாத வேளையில்தான் தண்டனை வருகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆண்டுக்கு ஒருவருக்கு 19,000 டாலர் வரை வழங்கும் அன்பளிப்பை அரசிடம் தெரிவிக்கத் தேவையில்லை என்பது 2025 ஆம் ஆண்டின் வரி விதி. அது வருமான வரித் துறைக்கு மட்டுமே உரியது. மெடிக்கெய்ட் அலுவலகம் அதனை ஏற்பதில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள காணியையும் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டுச் சொத்து என்பதால் விலக்கு ஏதும் இல்லை.

விலக்குகள் வேறு இடத்தில் உள்ளன. வீட்டில் தொடர்ந்து வசிக்கும் கணவனோ மனைவியோ தெருவுக்கு வந்துவிடாதபடி 1988 இல் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு விதிப்படி, மாநிலத்தைப் பொறுத்து 31,584 டாலர் முதல் 157,920 டாலர் வரையான சேமிப்பை அவர் வைத்துக்கொள்ளலாம். குடியிருக்கும் வீட்டைத் துணைவருக்கோ, உடல் ஊனமுற்ற பிள்ளைக்கோ மாற்றலாம். தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்தக்கூடியது மற்றொன்று: பெற்றோர் இல்லத்தில் சேர்வதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளேனும் அதே வீட்டில் உடனிருந்து, அவர்களைப் பராமரித்ததன் மூலம் அந்தச் சேர்க்கையைத் தள்ளிப்போட்ட மகனுக்கோ மகளுக்கோ வீட்டை எழுதிக் கொடுத்தால் அபராதக் காலம் இல்லை. ஆனால் மருத்துவரின் கடிதம் உள்ளிட்ட சான்றுகள் வேண்டும். பாசத்துக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? பெற்றோர் பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பதும் அவ்வாறே. முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தம் இல்லையென்றால், அது அன்பளிப்பாகவே கருதப்படும்.

ஐந்தாண்டுகளுக்கு முன்பே சொத்தைத் திரும்பப் பெற இயலாத டிரஸ்ட் ஒன்றில் ஒப்படைப்பது வசதியுள்ளோர் நாடும் வழி. அதன் விலை, தம் பணத்தின் மீதான உரிமையை இழப்பது. எண்பது வயதில் பிள்ளைகளின் தயவை நாடி நிற்பது எல்லாருக்கும் ஏற்புடையதல்ல. நினைவாற்றல் குன்றும் முன்னரே அதிகாரப் பத்திரம், அதாவது இலங்கைத் தமிழர் அற்றோர்ணித் தத்துவம் என்று குறிப்பிடும் ஆவணம், எழுதிவைப்பது இதைவிட அவசரமானது. அது இல்லாவிட்டால் நீதிமன்றத்தின் மூலம் காப்பாளரை நியமிக்க வேண்டிவரும்.

அண்மையில் பெற்றோரைக் கிரீன் கார்டில் வரவழைத்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிரந்தரக் குடியுரிமை பெற்ற முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முதியவர்களுக்குப் பொதுவாக மெடிக்கெய்ட் கிடையாது. சில மாநிலங்கள் தம் சொந்த நிதியில் உதவுகின்றன. வேறு சில மாநிலங்களில் பெற்றோரின் கட்டணத்துக்குப் பிள்ளையே பொறுப்பாகலாம். பென்சில்வேனியாவில் 2012 இல், தாயின் பராமரிப்பு நிலுவையான சுமார் 93,000 டாலரை மகன் செலுத்த வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயின் மெடிக்கெய்ட் விண்ணப்பம் குறித்த மேல்முறையீடு முடியவில்லை என்ற வாதம் எடுபடவில்லை.

உதவி பெற்றவர் இறந்த பின்னர், அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து செலவை மீட்கும் கடமையை 1993 ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு விதித்தது. துணைவர் உயிருடன் இருக்கும் வரை அந்த மீட்பு நிறுத்திவைக்கப்படும். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் மேலும் இரு மாற்றங்களைச் செய்கிறது. 2027 ஜனவரி முதல், விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று மாதச் செலவுக்குப் பதிலாக இரண்டு மாதச் செலவே முதியோருக்குத் திரும்பக் கிடைக்கும். 2028 ஜனவரி முதல், கடன் போக வீட்டில் விண்ணப்பதாரருக்கு உள்ள பங்கின் மதிப்பு, விவசாய நிலங்கள் நீங்கலாக, எந்த மாநிலத்திலும் பத்து லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது.