கணினியை ஏய்த்த திருகு

பழைய இன்ஜெக்ஷன் வகைப் பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயில் என்னும் குழாயின் கடைசியில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் குப்பி இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு சின்ன வால்வு. பம்ப் இடைவிடாமல் தள்ளும் பெட்ரோலைக் குறிப்பிட்ட அழுத்தத்தில் நிறுத்திவைத்து, மிச்சத்தை டாங்குக்கே திருப்பி அனுப்புவது இதன் வேலை. இதுதான் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர். தொழிற்சாலையிலிருந்து வரும் குப்பியின் விளிம்பை மடித்து அழுத்தியிருப்பார்கள். திறக்க வழி இருக்காது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையில் ஒரு திருகும் லாக் நட்டும் உள்ள வேறொன்றை மாட்டுவது 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அமெரிக்க வேகப்பிரியர்களிடையே பெரும் வழக்கமாக இருந்தது. காருக்குச் சக்தி கூட்ட நினைப்பவர் முதலில் கை வைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. அந்தத் திருகுக்கு அப்போது வந்த மவுசு அதன் சொந்தத் தகுதியால் வந்ததல்ல என்பது என் கருத்து. காரின் கணினி பூட்டிக் கிடந்தது, அதனால் திருகுக்கு மதிப்பு வந்தது. பூட்டு திறந்ததும் மவுசு போய்விட்டது. பொருள் மட்டும் வேறொரு வேலைக்கு மிஞ்சியது.

கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோலின் அழுத்தம் யாருக்கும் பெரிய விஷயமில்லை. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பம்ப்பே கிடையாது. சீட்டுக்கு அடியில் இருந்த டாங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிவரும். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் இறங்கிவராது என்பதால், வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மேடேற்றியவர்கள் உண்டு. பின்னால் வந்த மெக்கானிக்கல் பம்ப்புகள் 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை கொடுத்தன. கிண்ணம் நிறைந்ததும் மிதவையோடு சேர்ந்த ஊசி வழியை அடைத்துவிடும். அதற்கு அந்த அழுத்தம் போதும். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை ஜெட் என்னும் துளையிட்ட பித்தளைத் துண்டுகளும் ஓரிரு திருகுகளும் தீர்மானித்தன. ஜெட்டை மாற்றுவதற்கும் திருகைத் தொடுவதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம்மூர் அம்பாசடர் மெக்கானிக் ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்ததும் இதே சுதந்திரத்தில்தான்.

அழுத்தத்துக்கு முக்கியத்துவம் வந்தது மின்னணு இன்ஜெக்ஷனோடு. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-ல் எலக்ட்ரோஜெக்டர் என்ற அமைப்பை அறிவித்தது. 1958-ன் கிரைஸ்லர் வகைக் கார்கள் சிலவற்றில் அது ஏறியது. சரியாக ஓடாமல், பெரும்பாலானவற்றுக்குத் திரும்பக் கார்புரேட்டரே மாட்டப்பட்டது. அந்தக் காப்புரிமைகளை வாங்கி வளர்த்த ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ல் டி-ஜெட்ரானிக்கை வோக்ஸ்வாகன் 1600-ல் கொண்டுவந்தது. இதில் கணினி செய்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறந்துவைப்பது என்று முடிவு செய்வது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. அந்தக் காலத்துக் கணினிகளுக்கோ அழுத்தத்தை அளக்கும் கருவி கிடையாது. ரெகுலேட்டர் சொன்னபடி வைத்திருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடும். படியளப்பவர் எத்தனை படி என்று மட்டும் எண்ணுகிறார், படியின் அளவை யாரோ மாற்றிவிட்டால் அவருக்குத் தெரியாது. பின்னால் வந்த ரெகுலேட்டர் தந்திரங்கள் எல்லாம் இந்த ஒரு இடைவெளியில் பிறந்தவை.

டி-ஜெட்ரானிக்கின் ரெகுலேட்டரில் தொழிற்சாலையே திருகு வைத்திருந்தது என்பதைத்தான் முதல் சான்றாகச் சொல்வேன். நடுவில் ஒரு போல்ட், அதைப் பூட்ட ஒரு லாக் நட். பிரஷர் கேஜை மாட்டி, இரண்டு ஸ்பேனர்களால் சுமார் 2 பார் அழுத்தத்துக்குச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடலாம். வோல்வோ, மெர்சிடிஸ், போர்ஷே 914 என்று பல கார்களில் இது இருந்தது. திருகுக்கென்று ஒரு கவர்ச்சி இருந்திருந்தால், இந்தக் கார்கள் ஓடிய 1970கள்தான் அதன் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதை ஒரு சர்வீஸ் அளவாகத்தான் பார்த்தார்கள். சக்தி வேண்டும் என்றவர் இன்ஜெக்ஷனையே மொத்தமாகக் கழற்றிவிட்டு வெபர் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார். 914 உரிமையாளர்கள் பலர் செய்தது அதுதான். பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருந்தது. திருகோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடியது 1970களில். 1970-ன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின்படி, கார் 5 ஆண்டு அல்லது 50,000 மைல் வரை புகை வரம்புக்குள் நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பு தன் தலையில் விழுந்தபின், வாடிக்கையாளரின் ஸ்க்ரூடிரைவரை எந்தக் கம்பெனிதான் நம்பும்? கார்புரேட்டரின் ஐடில் திருகுகளுக்கு முதலில் பிளாஸ்டிக் மூடி வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் உலோக அடைப்பே வந்துவிட்டது. 1970களின் நடுவில் பரவிய, பாஷின் அடுத்த அமைப்பான எல்-ஜெட்ரானிக்கின் ரெகுலேட்டர் 2.5 பாரில் மூடி முத்திரையிட்டதாக வந்தது. அதில் ஒரு நல்ல மாற்றமும் இருந்தது. இன்ஜெக்டரின் மூக்கு மானிஃபோல்டுக்குள் இருக்கிறது. அங்கே வெற்றிடம் ஏறி இறங்கும்போது பெட்ரோலை உறிஞ்சும் வலுவும் மாறும். அதைச் சமன்செய்ய, ரெகுலேட்டரின் ஸ்பிரிங் பக்க அறையை ஒரு ரப்பர் ஹோஸால் மானிஃபோல்டோடு இணைத்தார்கள். மானிஃபோல்ட் அழுத்தம் எப்படி மாறினாலும் இன்ஜெக்டரின் இரு பக்க வித்தியாசம் மாறாது. பொறியாளர் பார்வையில் இது முன்னேற்றம்தான், சந்தேகமே இல்லை. 1977 மாடல் வோல்வோவில் ஆக்ஸிஜன் சென்சாரும் வந்து சேர்ந்தது. புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து கலவையை அமைப்பு தானே திருத்திக்கொள்ளத் தொடங்கியது.

மூடிய கதவின் முன் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஒரே குணமுள்ள தந்திரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. எல்-ஜெட்ரானிக்கின் காற்று மீட்டரில் கருப்பு மூடியைக் கத்தியால் நெம்பி எடுத்து, உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பல்சக்கரத்தைச் சில பற்கள் நகர்த்தினார்கள். காற்று அதிகம் வருவதாகக் கணினி நினைத்துக்கொண்டது. கூலன்ட் வெப்பநிலை சென்சாரின் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தார்கள். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி நம்பிப் பெட்ரோலைக் கூட்டியது. அமெரிக்காவில் 1985 கார்வெட்டின் டியூன்ட் போர்ட் இன்ஜெக்ஷன், 1986 முதல் 5.0 லிட்டர் மஸ்டாங், டர்போ ப்யூக் கிராண்ட் நேஷனல் எல்லாம் வந்தபோது இந்த வரிசையில் சேர்ந்ததுதான் ரெகுலேட்டர் திருகு. கணினியிடம் பேச வழியில்லாதபோது அதன் கண்ணையோ கையையோ ஏய்ப்பது.

மஸ்டாங்கை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1986 முதல் 1988 வரையிலான பெரும்பாலான மஸ்டாங்குகளில் காற்றை நேரடியாக அளக்கும் மீட்டர் இல்லை. மானிஃபோல்ட் அழுத்தத்தையும் சுழற்சி வேகத்தையும் வைத்து, இன்ஜின் இவ்வளவு காற்று இழுக்கும் என்று கணினி ஊகிக்கும். தொழிற்சாலை கேம்ஷாஃப்டை மாற்றி வேறொன்று போட்டால் அந்த ஊகம் தப்பிவிடும். தப்பியதை அதற்குச் சொல்ல வழி கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நினைவுச் சில்லைக் கழற்றி மாற்றலாம், ஆனால் அதை எழுத ஒரு கம்ப்யூட்டரும், எழுதும் கருவியும், உள்ளே எந்த எண் எங்கே இருக்கிறது என்ற அறிவும் வேண்டும். ரெகுலேட்டருக்கு ஓர் ஆலன் கீ போதும். வேலையும் எளிது: இன்ஜின் ஆறியிருக்க, பம்ப்புக்கு மின்சாரத்தைத் துண்டித்து இன்ஜினைச் சுற்றவிட்டு அழுத்தத்தை இறக்குவது, துணியை அடியில் வைத்து போல்ட்டுகளைக் கழற்றுவது, புதிய ஓ-ரிங்கில் எண்ணெய் தடவிப் பொருத்துவது, ரெயிலில் இருக்கும் சோதனை வால்வில் கேஜை மாட்டுவது. பிறகு வாக்யூம் ஹோஸைப் பிடுங்கி அடைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, 39 பிஎஸ்ஐ காட்டும்வரை திருக வேண்டும். லாக் நட்டை முடுக்கி ஹோஸைத் திரும்ப மாட்டினால் முள் 30-க்கு அருகில் இறங்கும். ஹோஸை மாட்டியபடியே 39-க்குத் திருகிவிட்டு, இன்ஜின் ஏன் கரும்புகை கக்குகிறது என்று திகைப்பது புதியவர்களின் வழக்கமான தவறு.

திருகினால் உண்மையிலேயே பலன் கிடைத்ததே, பிறகு அதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். பலன் இருந்தது, ஆனால் ஒடுக்கமான ஓர் இடத்தில். பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 39-ஐ 45 ஆக்கினால் அழுத்தம் 15 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் கூடுவது 7 சதவீதம்தான். மஸ்டாங்கின் இன்ஜெக்டர் மணிக்கு 19 பவுண்டு பாய்ச்சும். அதையே 24 பவுண்டு பாய்ச்சவைக்க 62 பிஎஸ்ஐ வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் கூடுதலைக் கண்டுபிடித்து, கணினி இன்ஜெக்டர் நேரத்தைக் குறைத்துக் கணக்கைப் பழையபடி நேராக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மட்டும் கணினி சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தன் அட்டவணையைப் பார்க்கும். திருகு பேசியது அந்தச் சில விநாடிகளில்தான். தொழிற்சாலை அட்டவணையே கெட்டியான, அதாவது பெட்ரோல் மிகுந்த, கலவையைக் கொடுத்த கார்களில், அழுத்தத்தை ஏற்றியதைவிட இறக்கியதில்தான் சக்தி கூடியது. கூட்டினால் நல்லது என்ற நம்பிக்கை எவ்வளவு கண்மூடித்தனமானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கார்புரேட்டர் ஜெட்டோடு இதை ஒப்பிடுபவர்களுக்கும் இதுவே பதில். ஜெட்டுகளும் திருகுகளும் ஐடிலுக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று, முழு வேகத்துக்கு ஒன்று என்று பிரிந்திருந்தன. ரெகுலேட்டர் திருகு எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்கும் மொண்ணைக் கருவி. வேறு வழியிருந்தால் இதை யாரும் தேர்ந்திருக்க மாட்டார்கள்.

தந்திரம் உச்சத்துக்குப் போனது சூப்பர்சார்ஜர் கிட்டுகளோடு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இந்தக் கருவியோடு, ரிட்டர்ன் லைனை நெரிக்கும் இன்னொரு ரெகுலேட்டரும் வந்தது. காற்று ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தைப் பன்னிரண்டு பிஎஸ்ஐ ஏற்றும் வகை பரவலாக விற்றது. 6 பிஎஸ்ஐ காற்றுக்கு ரெயிலில் 100-ஐத் தாண்டும். பம்ப்புகள் திணறின, ஹோஸ் இணைப்புகள் கசிந்தன, ஆனாலும் கார்கள் ஓடின. சூப்பர்சார்ஜர் என்ற ஒன்று இருப்பதே கணினிக்குத் தெரியாது. 1989-ல் மஸ்டாங் முழுவதும் காற்று மீட்டருக்கு மாறியதும், பொய் சொல்லும் இடமும் மாறியது: பெரிய இன்ஜெக்டருக்கு ஏற்ப, காற்றைக் குறைத்துக் காட்டும்படி சீரமைத்த மீட்டர்கள் விற்பனைக்கு வந்தன. வேகப்பிரியர்களின் பிடிப்பு திருகின் மீது அல்ல என்பதை இந்த இடமாற்றம் காட்டிக்கொடுக்கிறது.

பூட்டியதே சரி, லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறியவர்களைக் கேளுங்கள் என்பது கனமான மறுப்பு. அதை நான் மறுக்கவில்லை. கெட்டியான கலவை தொடர்ந்து போனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிச் சாகும். ஊரார் நுரையீரலை வைத்து ஒருவர் பந்தயம் ஓட்டக்கூடாது. 1990-ன் சட்டத் திருத்தம் தனிநபர் கைவைப்பதையும், புகைக் கட்டுப்பாட்டை முறியடிக்கும் உதிரிபாகங்களைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதிலும் ஒரு சந்து உண்டு. புகையைக் கூட்டாது என்று சோதனையில் காட்டும் உதிரிபாகத்துக்குக் கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் விலக்கு ஆணை எண் கொடுக்கும். கைவைப்பது கூடாது என்பதல்ல, விளைவை அளந்து காட்டு என்பதே அந்த ஏற்பாடு. மூடி அடைத்த குப்பியைவிட அது நியாயமான யோசனையாக எனக்குப் படுகிறது, சிறு பட்டறைக்காரருக்குச் சோதனைச் செலவு கட்டுப்படியாகாது என்ற குறையோடு.

பூட்டு திறந்தது இரண்டு பக்கமிருந்து. 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் ஓபிடி-2 என்ற பழுதறியும் ஏற்பாடு கட்டாயமானதும், பொதுவான இணைப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. கணினி எவ்வளவு திருத்தம் செய்கிறது என்பதைச் சதவீதத்தில் படிக்க முடிந்தது. அதே வழியாக நினைவகத்தைத் திருத்தி எழுதும் மென்பொருள்களும் வளர்ந்தன. இன்னொரு பக்கம் 2001-ல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ இருவரும் மெகாஸ்குவர்ட் என்ற கணினியை வாங்குபவரே பற்றவைத்துக்கொள்ளும் கிட்டாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் தனித்தனி எண்ணை நேராக எழுத முடிந்தபின், ஒரே விகிதத்தில் எல்லாவற்றையும் ஏற்றும் திருகால் டியூன் செய்ய யாருக்கும் காரணமில்லை.

திருகு வைத்த ரெகுலேட்டர் இன்றும் விற்கிறதே என்பார்கள். விற்கிறது, வேலை வேறு. பெரிய இன்ஜெக்டரும் பெரிய பம்ப்பும் மாட்டியவர் அடிப்படை அழுத்தத்தை 43.5 பிஎஸ்ஐ-க்கு வைத்துப் பூட்டுகிறார். அது 3 பார். இன்ஜெக்டர் தயாரிப்பாளரின் பாய்வு அளவுகள் பெரும்பாலும் அந்த அழுத்தத்துக்கே தரப்படுகின்றன. அதே எண்ணைக் கணினியிலும் எழுதிவிடுகிறார். அதன்பின் திருகைத் தொட்டால் மென்பொருளில் போட்ட கணக்கெல்லாம் கெடும் என்பதால், லாக் நட்டின் மேல் பெயின்ட் கோடு இழுத்துவைப்பவர்கள் உண்டு. 1967-ல் பாஷ் அந்த போல்ட்டை வைத்ததும் இதே வேலைக்குத்தான். புதிய கார்களில் இதற்கும் இடமில்லை. இன்ஜின் சூட்டில் வெந்து திரும்பும் பெட்ரோல் டாங்கில் ஆவியைப் பெருக்குகிறது என்று 1990களின் பிற்பகுதியில் ரிட்டர்ன் லைனையே எடுத்துவிட்டு, ரெகுலேட்டரை டாங்குக்குள் பம்ப்போடு சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்சும் இன்ஜின்களில் அழுத்தம், மிட்சுபிஷியின் 1996 ஜிடிஐ-யில் 50 பாரில் தொடங்கி, இன்று 200-ஐத் தாண்டிவிட்டது. அங்கே ரெயிலில் அழுத்த சென்சார் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கணினியே நொடிக்குப் பலமுறை முடிவு செய்து, பம்ப்பின் வால்வைத் திறந்து மூடுகிறது.