ஈரிழைத் துண்டு மலையேறும் கதை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் கிடையாது. வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போகிற ஈரத்தை மண் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் குடித்தே செடி வளரும்; மழை ஓய்ந்து வெயில் ஏறுகிற மாதங்களில் காய் வெடிக்கும். அந்த மண்ணுக்கென்றே இருந்த நாட்டுப் பருத்தி கருங்கண்ணி. இழை குட்டை, ஆனால் வறட்சிக்கு அசையாத செடி. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய இந்தப் பருத்தியை லிவர்பூல் சந்தையில் திருநெல்வேலியின் பெயரைச் சொல்லித்தான் விலை பேசினார்கள். கோவில்பட்டியில் 1901-இலேயே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதற்கு இந்தப் பருத்தியும் ஒரு காரணம். நாம் தோளில் போட்டுக்கொள்கிற துண்டின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் இந்தக் கரிசலில்தான் போய் நிற்க வேண்டும்.

பஞ்சு நூலானது மலையடிவாரத்தில். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நூற்பாலை வைக்கப் பாபநாசத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பருத்தி விளைகிற ஊரும் அல்ல, கப்பல் நிற்கிற ஊரும் அல்ல. ஆனால் அங்கேதான் தாமிரபரணி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தின் வேகமே எந்திரத்தைச் சுழற்றியது. விக்கிரமசிங்கபுரம் அந்த மில்லைச் சுற்றியே வளர்ந்த ஊர். சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குப் படுத்த தலைமுறைகள் அங்கே உண்டு. அதே ஹார்விகளின் தூத்துக்குடிக் கோரல் மில்லில்தான் 1908-இல் குறைந்த கூலியையும் நீண்ட வேலைநேரத்தையும் எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள், கூலி உயர்ந்தது, சில நாட்களிலேயே இருவரும் கைதானார்கள், திருநெல்வேலி கொந்தளித்தது. ஒரு முழம் நூலுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பும் சிறைவாசமும் இருக்கிறது என்பதை நினைக்கும்போது, துணியை ஆற்றில் எறிய எனக்குக் கை வருவதில்லை. அந்த எறிதலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பாவிலும் ஊடையிலும் இரண்டிரண்டு இழையாகச் சேர்த்து நெய்தால் ஈரிழைத் துண்டு. தாமிரபரணிக் கரையில் வீரவநல்லூர் பேர்பெற்ற நெசவூர். அதன் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துண்டு அப்படிப்பட்ட அலங்காரமெல்லாம் இல்லாத துணி. ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடோ பச்சைக் கோடோ, அவ்வளவுதான். எடை கால் கிலோகூட வராது. அதே நீள அகலத்தில் வளையம் வளையமாக நூல் நிற்கிற டர்க்கி துண்டு அரைக் கிலோவைத் தொடும். நனைந்தால் இன்னும் கனக்கும், ஒரு பகலில் காயாது. பயணத்துக்கு எது ஏற்றது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இனி அது பையில் ஏறுகிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற குடும்பத்தின் பையையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி சந்திப்பில் பேருந்து ஏறும்போது மேல்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும், வெயில் காந்தும். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலைமேல் மேகம் கவிந்திருப்பது தெரியும். பாபநாசம் சோதனைச்சாவடிக்கு மேலே சாரல். இரவில் ஆற்றங்கரைக் குடிலில் படுத்தால் ஈரக்காற்று முதுகைத் துளைக்கும். ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் மூன்று பருவம். இந்த மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கும் ஊத்தும் மாநில மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடங்களில் வருவது அதனால்தான். சமவெளியையும் நம்பிவிட முடியாது. 2023 டிசம்பரில் கடற்கரைக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

இப்படிப்பட்ட வானத்துக்குக் கீழே போகிறவர்களுக்கு இங்கே பெரியவர்கள் சொல்வது: "ஏல, ரெண்டு துண்டு எடுத்துக்கோ. ஒண்ணு நனையட்டும், ஒண்ணு காயட்டும்." மலைப்பயணத்துக்கு உடை எடுத்துவைப்பது பற்றி நான் கேட்டவற்றில் இதைவிட முழுமையான அறிவுரை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு உடுப்பு என்று எண்ணினால் பை வீங்கும். நனைவது ஒன்று, காய்வது ஒன்று என்று எண்ணினால் நாலு நாளானாலும் பத்து நாளானாலும் பை அதே பைதான். இரண்டு சாரம், இரண்டு துண்டு, முழுக்கை வைத்த மெல்லிய சட்டை இரண்டு, மழைக்கு ஒரு தார்ப்பாய்த் துண்டு, இரவுக்கு ஒரு கம்பளிக் குல்லா. அதற்கு மேல் எடுத்தவர்கள் அதைச் சுமந்ததுதான் மிச்சம்.

துண்டு செய்கிற வேலைகளைப் பார்த்தால் பை ஏன் சிறுத்தது என்று புரியும். வெயிலில் தலைப்பாகை. சுமை தூக்கும்போது சும்மாடு. ஆற்றில் இறங்கும்போது இடுப்பில் கட்டு. கரையேறினால் துவட்ட, பாறையில் உட்கார்ந்தால் விரிக்க, வாங்கிய வாழைப்பழத்தை முடிந்து வர, கொசு விரட்ட, கலங்கிய தண்ணீரை வடிகட்ட (வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்). பெண்கள் எடுத்துவருகிற பழைய நூல்சேலை இதைவிடப் பெரிய வித்தைக்காரி. அதுதான் குழந்தைக்குத் தூளி, குளித்து உடைமாற்ற மறைப்பு, இரவில் நாலாக மடித்த போர்வை. நன்றாகத் துவைத்துத் துவைத்து நைந்த சேலையைத்தான் இதற்கு எடுப்பார்கள். புதுச்சேலையின் கஞ்சி விறைப்பு குழந்தைக்கு உறுத்தும்.

ஆனால் ஊர்ப்பாசத்தில் பருத்தியை எல்லா உயரத்துக்கும் சிபாரிசு செய்தால் அது தவறு. பருத்தி இழை ஈரத்தை விரும்பி உறிஞ்சும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு, ஒன்பது சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரைச் சதவீதத்தைக்கூடத் தொடாது. உடம்புச் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாகக் கடத்திக்கொண்டு போகும். கீழே கல்யாணதீர்த்தத்தில் சுகமாக இருக்கிற அதே ஈரத்துண்டு, 1868 மீட்டர் உயரமுள்ள பொதிகை உச்சியில் ஆளை வெடவெடக்க வைத்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அம்பாசமுத்திரத்து வெயிலைவிட உச்சியில் பதினோரு டிகிரி குறைவு. அதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். நம் பக்கத்துப் பழைய பாதை பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, பூங்குளம் என்று போகும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அது பொதுமக்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. இப்போது ஏறுகிறவர்கள் கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியோடு, பெரும்பாலும் ஜனவரி தொடங்கி மார்ச் வரையிலான பருவத்தில் ஏறுகிறார்கள். அங்கே உடம்பை ஒட்டிப் போட வேண்டியது சீக்கிரம் காய்கிற செயற்கை இழைச் சட்டை. அதன் மேல் ஒரு மெல்லிய கம்பளி. கம்பளி ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் சூட்டை விடாது. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஒரு மேல்சட்டை. அட்டைக்கு, முழங்கால் வரை நெருக்கமாக நெய்த காலுறை.

ஒரே தடித்த கோட்டைவிட மெல்லியவை பல அடுக்கு நல்லது என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1924-இல் எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத மலையேறி மாலரி பட்டு, பருத்தி, கம்பளி என்று அடுக்கடுக்காகத்தான் உடுத்தியிருந்தார். அந்த உடைகளைப் போலவே மறுபடி தைத்து 2006-இல் எவரெஸ்ட் சரிவிலேயே போட்டுப் பார்த்தவர்கள், எடை குறைவு, நடக்க இதம் என்றே சொன்னார்கள். அடுக்கைக் கழற்றலாம், சேர்க்கலாம். சமவெளி வெயிலில் பைக்குள் கிடப்பது மேலே போனால் உடம்புக்கு ஏறும்.

துண்டு பொதிகை ஏறவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கழுத்தில் சுற்ற, வியர்வை துடைக்க, முதுகுப்பையின் வார் தோளை அறுக்காமல் மடித்து வைக்க அதைப்போல் வேறில்லை. மாற்றுச்சட்டை என்று நினைத்து அதை நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

காலுக்கு என்ன போடுவது என்ற கேள்விக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலிலேயே ஒரு சாமி இருக்கிறார். பட்டவராயன். அந்தணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகப் பூணூலைக் களைந்து, தன் கையால் செருப்புத் தைத்து மாமனாரிடம் கொடுத்தான் என்று வில்லுப்பாட்டில் பாடுகிறார்கள். இன்றும் நேர்ச்சையாகச் செருப்பைக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும், அதைப் போட்டுக்கொண்டு சாமி காட்டுக்குள் அலைகிறார் என்பது நம்பிக்கை. நல்ல பாதணி இல்லாமல் இந்தக் காட்டில் நடக்கமுடியாது என்று அறிந்த மக்கள் கட்டிய நம்பிக்கையாகவே அதை நான் பார்க்கிறேன். சாதியைத் தாண்டிய ஒருவனின் கைவேலை இங்கே காணிக்கையாக நிற்பதில் எனக்குத் தனிப் பெருமையும் உண்டு.

துண்டின் பயணம் கெடுவது இறங்கும்போது. பாபநாசத்தில் தர்ப்பணம், பரிகாரம் முடித்து முழுகி எழுகிறவர்கள், உடுத்தியிருந்ததை ஆற்றிலேயே விட்டால் பாவமும் போய்விடும் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வேட்டி, சேலை, சட்டை, உள்ளாடை எல்லாம் படித்துறையை ஒட்டி அடியில் படிந்து, பாறையில் சிக்கி, குளிப்பவர் காலைச் சுற்றுகின்றன. தன்னார்வலர்கள் இறங்கி டன் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்; எடுத்த இடத்திலேயே மறுபடி சேர்கிறது. பருத்தி மட்டுமே உடுத்திய காலத்தில் போட்டது கொஞ்ச நாளில் மட்கி மண்ணோடு போயிருக்கும். டெரிலின் போன்ற பாலியெஸ்டர் துணி மட்காது, நைந்து நுண்ணிழையாக நீரில் கலக்கும். அந்த நீரைத்தான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. ஐதீகத்தை நான் இழித்துப் பேசவில்லை. முழுக்குப் போட்டவருக்கு ஆறு செய்த உபகாரம் பெரிது. அதற்குக் கைம்மாறாக நனைந்த துணியை அதன் வயிற்றில் திணிப்பது எந்த முறையிலும் சேராது.

ஆகவே எடுத்துவைக்கிற பட்டியலில் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: நனைந்ததைச் சுருட்டிக்கொண்டு வர, தண்ணீர் கசியாத ஒரு தனிப் பை. முழுகும்போது கட்டியதைப் பிழிந்து அதில் போட்டு, வீட்டுக் கொடியில் உலர்த்துங்கள். அந்தத் துண்டுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. தோளிலிருந்து இறங்கியபின் இரண்டாகக் கிழிந்து குழந்தைக்கு இடுப்புத்துணியாகும், சைக்கிள் துடைக்கப் போகும், கடைசியில் அடுப்படியில் சூடான பானையை இறக்கும் கரித்துணியாகி, கருகி ஓட்டை விழுந்தபின் குப்பைக்குழிக்குப் போய் அங்கே மட்கும்.