எஸ்.டபிள்யூ.இ. பெஞ்ச்

எஸ்.டபிள்யூ.இ. பெஞ்ச் என்பது, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்கு நிஜமான மென்பொருள் சிக்கல்களைத் தீர்க்கத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வுத் தொகுப்பு. பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 அக்டோபரில் இதை வெளியிட்டனர். அதற்கு முன் புழக்கத்தில் இருந்த ஹியூமன்ஈவல் தேர்வில் (2021) இருந்தவை 164 சிறு கணக்குகள். ஒரு செயற்கூறு எழுதினால் ஒரு கணக்கு முடிந்தது. வேலையில் இருக்கும் நிரலருக்கு அப்படி வாய்ப்பதில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகளில் எங்கோ ஒளிந்திருக்கும் வழுவை அவர் தேடிப் பிடிக்க வேண்டும்.

12 பைத்தான் திட்டங்களில் பதிவாகி, பின்னர் திருத்தப்பட்ட 2,294 குறைகள் இத்தொகுப்பில் உள்ளன. அவற்றுள் ஜாங்கோ என்ற திட்டத்திலிருந்து எடுத்தவையே அதிகம். குறையை விவரிக்கும் குறிப்பும், திருத்தத்துக்கு முந்தைய நிரலும் மாதிரியிடம் தரப்படும். அது எழுதும் திருத்தத்தின் மீது சோதனைகளை ஓட்டிப் பார்ப்பார்கள். முன்பு தோற்ற சோதனை தேற வேண்டும். முன்பு தேறியது தோற்கக் கூடாது. குறை தீர்ந்ததா என்று பார்க்கும் சோதனைகள் மாதிரிக்குக் காட்டப்படுவதில்லை.

எடுத்துக்காட்டாக, வானியலாளர்கள் பயன்படுத்தும் ஆஸ்ட்ரோபை நூலகத்தில் ஒரு குறை: கூட்டுக் கணித மாதிரிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால், எந்த உள்ளீடு எந்த வெளியீட்டைப் பாதிக்கிறது என்று காட்டும் அணி தப்பாக வந்தது. திருத்தம் ஒரே வரி. 1 என்ற எண் இருந்த இடத்தில் 'ரைட்' என்ற மாறியைப் போட்டதும் சரியாகிவிட்டது. மாற்றியது ஒரு சொல்தான். எந்த வரி என்று கண்டுபிடிப்பதில்தான் பாடு.

முதல் ஆய்வில் முன்னணியில் வந்த கிளாட் 2 என்ற மாதிரி தீர்த்தது 1.96 விழுக்காடுதான். சில குறிப்புகள் அரைகுறையாகவும் சில சோதனைகள் நியாயமற்றவையாகவும் இருந்ததால், 2024 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ நிறுவனம் 93 நிரலர்களைக் கொண்டு சலித்து 500 கேள்விகள் கொண்ட 'வெரிஃபைடு' பதிப்பைத் தந்தது. அதில் 2025இல் மதிப்பெண்கள் 70 விழுக்காட்டைத் தாண்டின.

இந்த ஏற்றத்தை அப்படியே நம்பிவிட முடியாது. கேள்விகளும் விடைகளும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் பொதுவில் கிடப்பவை. பயிற்சித் தரவில் மாதிரிகள் அவற்றை ஏற்கெனவே படித்திருக்கலாம். மேலும், எல்லாமே மனிதர் ஒருமுறை தீர்த்துவிட்ட சிக்கல்கள். இத்தேர்வு அளப்பது பழுதுபார்க்கும் திறமையை. புதிதாக யோசிக்கும் திறமையை அல்ல.

செயற்கை நுண்ணறிவு புதிதாக ஒன்றைக் கண்டறிந்ததற்கும் சான்று உண்டு. கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாஎவால்வ் என்ற அமைப்பு, 4×4 சிக்கலெண் அணிகளை 48 பெருக்கல்களில் பெருக்கும் வழியை 2025இல் கண்டது. கணிதவியலாளர் ஸ்ட்ராசனின் 1969ஆம் ஆண்டு முறைக்கு 49 தேவை. ஆனால் அங்கே விடை சரியா என்பதைக் கணினியே சரிபார்த்துவிடும். வாடிக்கையாளர் கேட்பது என்னவென்றே தெளிவில்லாத அலுவலகச் சிக்கலுக்கு அப்படியொரு சரிபார்ப்பான் இல்லை.